வெர்லின் வாங்கிய ஸ்ப்ரே கன்

வெர்லின் டோலெஃப்சன் பால் லாரி ஓட்டியவன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து எங்கள் சின்ன விமானத் திடலில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினான். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தது, அவளுக்குக் கல்யாணம் ஆகியும் முடியவில்லை. முதல் தடவை அது மேலே எழும்பும்போது தானே ஓட்ட வேண்டும், அவனுக்கு அவ்வளவுதான் ஆசை. நான் அங்கே விமானங்களுக்குப் பெட்ரோல் போடுகிறவள். எல்லாவற்றையும் கிட்ட இருந்து பார்த்தேன், இன்னும் வயிறு எரிகிறது.

கடைசியில் பெயிண்ட் வேலை மட்டும் மிச்சம். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு எடைப் பைத்தியம் உண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டில்கூட ஓட்டை போட்டுப் பாரத்தைக் குறைப்பார்கள். அப்புறம் தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவர்களே ஏறி உட்காருவார்கள். வெர்லின் கையில் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும். பெயிண்டை மெல்லிசாகப் படியவைக்கும் உயர்ந்த ஸ்ப்ரே கன் ஒன்று. இல்லையென்றால் சுமாரான கன்னும், வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியும் சேர்ந்த செட். பெயிண்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனர் நுரையீரலைக் கெடுக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

"செட்டையே வாங்கு வெர்லின். மூச்சோட விளையாடாத," என்றாள் அவன் மனைவி ஆர்டிஸ். சரி என்று தலையாட்டிவிட்டு, விமானம் கட்டுகிறவர்கள் சனிக்கிழமைதோறும் திடலில் டோனட் தின்றுகொண்டு அரட்டையடிக்கும் கூட்டத்துக்கு வந்தான். அங்கே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"குழாய் வச்ச முகமூடியா? நிலாவுக்கா போற?" என்றான் ரோலண்ட் கூபியாக். மூன்று விமானம் கட்டியவன், அந்தத் திமிர் நடையிலேயே தெரியும். "நான் மூணுக்கும் சாதா மாஸ்க் மாட்டித்தான் பெயிண்ட் அடிச்சேன். எனக்கு என்ன ஆச்சு, சொல்லு."

"அவன் என்னப்பா பண்ணுவான், வீட்டுல உத்தரவு," என்றான் இன்னொருத்தன்.

மேஜையே சிரித்தது. வெர்லினுக்குக் காது சிவந்துவிட்டது. "முகமூடியால விமானத்தோட எடை குறையவா போகுது? நான் நல்ல கன்னே வாங்கிக்கிறேன்," என்றான். அன்றைக்கே வாங்கியும் விட்டான், வீம்பு பிடித்த மனுஷன்.

குளிர்காலம். சூடு வெளியே போகக்கூடாதென்று கொட்டகைக் கதவை இறுகச் சாத்திக்கொண்டு, தாடிக்கு மேலே கரி வடிகட்டி வைத்த சாதா மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு அடித்தான். தாடி இருந்தால் மாஸ்க் எங்கே ஒட்டும்? சாயங்காலம் இருமுவான், காலையில் சரியாகிவிடும். "சளிதான், இன்னும் ஒரு இறக்கைதான் பாக்கி," என்பான். அந்த இறக்கையும் முடிந்த அன்று பனியில் மண்டியிட்டுக் கிடந்தவனை நான்தான் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

உயிர் தங்கியது. ஆனால் அந்தப் பெயிண்ட் வாடை லேசாகப் பட்டாலும் இனி தொண்டை அடைத்துக்கொள்ளும், ஆயுசுக்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மூச்சோடு விமானம் ஓட்ட அனுமதியும் கிடையாது.

அந்த மாதிரி விமானத்தை ஓட்டிப் பழகியவன் எங்கள் திடலில் ஒருத்தன்தான். வெர்லினே ரோலண்டிடம் போய்க் கேட்டான். மே மாதம் ஒரு நாள், மஞ்சள் விமானம் மேலே எழும்பியது. பக்கத்துக் கொட்டகையில் யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால் வெர்லின் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்து பார்த்தான். பக்கத்தில் ஆர்டிஸ்.

இறங்கியதும் ரோலண்ட் வந்து கண்ணாடியைத் தட்டினான். வெர்லின் அதை ஒரு விரல்கடை இறக்கினான்.

"கைய விட்டாலும் நேரா போகுதுடா. பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கு. அந்த கன் உனக்கு இனிமே எதுக்கு? என் நாலாவது விமானத்துக்குக் குடுத்துடேன்."

"மேலே வளைஞ்சு திரும்பும்போது எப்படி இருந்துச்சு?" என்றான் வெர்லின்.

"கன்னைக் குடுக்கிறியா?"

"எடுத்துக்கோ. மொதல்லேர்ந்து சொல்லு."

ரோலண்ட் வாட்சைப் பார்த்துக்கொண்டே பாதிவரை சொன்னான், அப்புறம் கன்னை எடுக்கக் கொட்டகைக்குப் போய்விட்டான்.