தலை நிமிர்ந்த பதினைந்து நிமிடம்

டைல்ஸ்காரரின் முட்டி தேய்ந்தது பக்தியால் அல்ல. முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்ட தொழில் அது. யார் வீட்டுக்குப் போனாலும் ஆளின் முகத்துக்கு முன்னால் தரையைப் பார்த்துவிடுவார். தன் கல்யாண மண்டபத்தின் தரை வாசல் பக்கம் சரிந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. மனைவி அன்று உடுத்தியிருந்த புடவையின் நிறம்தான் நினைவில்லை. "நம்ம புத்தி எப்பவும் கணுக்கால் உயரம்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மனைவிக்கு ஒரே ஆசை. கடல் கடந்த ஊரில் இருக்கும் எண்ணூறு வருஷக் கோயிலின் உள்ளறைக் கூரை ஓவியத்தை நேரில் பார்க்க வேண்டும். அந்தப் படம் அச்சான காலண்டர் தாள், அதன் வருஷம் முடிந்து ஒன்பது வருஷமாகியும் சமையலறைச் சுவரை விட்டு இறங்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு கிளம்பினார்கள்.

"ஏங்க, அங்க வந்தும் தரையைத் தட்டிக்கிட்டு நிக்காதீங்க. உள்ளறையில விடுறதே பதினஞ்சு நிமிஷம். அவ்வளவு நேரமாவது மேல பாருங்க."

"நான் எதுக்குத் தட்டப் போறேன்?" என்றார் அவர். சட்டைப் பையில் பழைய நாணயம் ஒன்று இருந்தது. கல்லுக்கு அடியில் கலவை பிடித்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நாணயம்.

கோயில் வாசலில் வழிகாட்டி நீலக் குடையைத் தூக்கிப் பிடித்தார். "இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு. பதினொன்றரைக்குத் தலையை எண்ணித்தான் விடுவாங்க. ஒரு தலை குறைஞ்சாலும் யாரும் உள்ள போக முடியாது. குடையை விட்டுடாதீங்க."

எல்லோரும் குடையைப் பார்த்து நடந்தார்கள். டைல்ஸ்காரர் வழிகாட்டியின் பழுப்பு நிறக் காலணியைப் பார்த்து நடந்தார்.

நீண்ட நடைக்கூடத்தில் ஒரு கல் மட்டும் மயிரிழை தாழ்ந்திருந்தது. காலணிக் கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்து, நாணயத்தால் ஒரே ஒரு தட்டு. கெட்டிச் சத்தம். 'இவனல்லவா வேலைக்காரன்!' என்று நெகிழ்ந்து எழுந்தவர், முன்னால் போன பழுப்புக் காலணியைத் தொடர்ந்தார். இரண்டு முற்றம், ஒரு படிக்கட்டு. பிறகு பத்து நிமிடம் பயபக்தியோடு தலையாட்டி விளக்கம் கேட்டார். வழிகாட்டி சொன்னது மூன்று நாளாகப் பாதிதான் புரிந்தது. இன்று சுத்தமாகப் புரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தார்.

நிமிர்ந்தபோது காலணிக்கு மேலே யாரோ ஒரு நெட்டைப் பெண்மணி மஞ்சள் கொடியோடு நின்றாள். சுற்றிலும் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்திரண்டு. அலைபேசி மனைவியின் பையில். சமையலறைக் காலண்டர் கண்ணெதிரில் வந்து நின்றது.

எந்த வாசலும் பார்த்த வாசலாகத் தெரியவில்லை. அவர் எதைத்தான் பார்த்தார்? ஆகவே குனிந்தார். முனை உடைந்த படி. அரைகுறை ஆள் எவனோ பூசிய சிமெண்ட் ஒட்டு. மூலையில் தப்பாக வெட்டிய கறுப்புத் துண்டு. வந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்தவர்போல ஓடினார். பெரிய பக்திமான் என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

மயிரிழை தாழ்ந்த கல் வந்தது. அதைத் தாண்டி நீலக் குடை.

"வாங்க சார்!" என்றார் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற தாசில்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா உங்களைச் சிலையா செஞ்சு வச்சு எண்ணிக் காட்டியிருப்போம்."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்து வரிசையில் இழுத்து நிறுத்தினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. காவலர் எண்ணினார். இருபத்திரண்டு. கதவு திறந்தது.

உள்ளே அவள் அண்ணாந்தாள். அவரும் அண்ணாந்தார். சமையலறைப் புகையில் மங்கிப்போன அந்த நீலம் இங்கே இப்போதுதான் பூசியதுபோல இருந்தது. மூன்றாவது அடியில் காலுக்குக் கீழே சத்தம் மாறியது. பையிலிருந்த நாணயம் சுட்டது. கழுத்து வலித்தது. அவர் குனியவில்லை.

மனைவியும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலிதானே?" என்றாள் மெதுவாக.

"ரெண்டு கல்லு," என்றார் அவர், மேலே பார்த்தபடியே.

"மூணு. நீங்க நிக்கிறதையும் சேர்த்துக்குங்க."