மேற்குச் சுவரில் ஒரு கதவு

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு வரைந்து கட்டித்தரும் வேலை எனக்கு வந்தது. ஃபேன் ஓடாமலே உள்ளே குளுமையாக இருக்க வேண்டும், சிமெண்டும் கம்பியும் குறைய வேண்டும். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே காற்று தங்கும்படி சுவர் எழுப்பினோம். வடக்கிலும் தெற்கிலும் கம்பி போட்ட சன்னல்கள். கிழக்கே வாசல். மேற்கில் மட்டும் ஒரு துவாரம்கூட வைக்கவில்லை. எங்கள் ஊர் மூன்று மணி வெயில் அந்தப் பக்கம்தான் வந்து அறையும். அந்தச் சுவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

முதல் வீடு ஓர் அம்மாவுக்கும் அவர் மகளுக்கும். மகள் வேலை பார்த்த கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில்தான் அந்த அம்மாவின் கணவர் இறந்திருந்தார். சாவி வாங்கிய அன்று அந்த அம்மா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இன்னொரு கதவு எங்கன வச்சிருக்கீக மேடம்?" என்றார். வெயிலைப் பற்றிப் பாடம் எடுத்தேன். சரி சரியென்று தலையாட்டினார்.

சித்திரையில் வெப்பம் அளக்கப் போனேன். உச்சிப்பொழுது. உள்ளே நான் கணக்குப் போட்டதைவிடக் குளுமை. ஆனால் யாருமில்லை. தாயும் மகளும் வெளியே, வேப்பமரத்தடியில் அனல்காற்றில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள்.

"உள்ள அம்புட்டு குளுமையா இருக்கு, ஏன் இங்கன கெடக்கீக?"

"இவ உள்ள கண்ணசர மாட்டேங்கா மேடம். பட்டாசு ரூமுன்னா எதிரும் புதிருமா கதவு இருக்கும்லா. அன்னைக்குப் பின்கதவு வழியா ஓடியாந்துட்டா. அடுத்த ரூம்ல அவ அப்பா. அங்கன பின்கதவை ஒட்டி சரக்கை அடுக்கி வச்சிருந்தாக."

இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் அழுகை வரவில்லை. இந்தச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மரத்துப்போய்விட்டது. வெட்கம் மட்டும் இருந்தது. என் அம்மா தீக்காய வார்டில் நர்ஸ். அவர் மகளுக்கு இது தோன்றவில்லை.

மறுவாரம் சுவரை இடித்துக் கதவு வைத்தோம். "நல்ல சொவரைக் கெடுக்கீகளே," என்றார் கொத்தனார்.

அடுத்த முறை போனபோது மணி மூன்று. இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன. வெயில் பாதி அறைவரை வந்திருந்தது. வெளியே தேவலாம் போலிருந்தது. வெறுந்தரையில் மகள் வியர்வையில் நனைந்து, அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.

"கதவை மறைச்சு நிக்காதீக மேடம்."