நல்ல மனுஷனிடம் மைக் கொடுத்தால்

மைக்செட்காரனைப் போல அரசியல் பேச்சு கேட்டு அவதிப்பட்டவன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் நீங்கள் எழுந்து போய்விடலாம். நான் எழுந்து போனால் கூட்டமே முடிந்துவிடும்.

திருக்காட்டுப்பள்ளியில் நானும் பஷீர் பாயும் சேர்ந்து இந்தத் தொழில் பண்ணுகிறோம். எங்கள் எம்.எல்.ஏ. எங்கே பேசினாலும் மைக் எங்களுடையதுதான். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நீங்களும் இப்படி யாராவது ஒருவரிடம் மாட்டியிருப்பீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சும்மா வந்தவர்

பாயின் அம்மா தவறியபோது எம்.எல்.ஏ. வந்தார். கொடி கட்டிய காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எங்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை, பட்டாளம் ஒன்றும் கிடையாது. உடலைத் தூக்கியதும் பள்ளிவாசல் வரை கூடவே நடந்தார்.

மைக்செட்காரன் வீட்டுக்கு இப்படி வரவேண்டிய கட்டாயம் அவருக்கு என்ன இருக்கிறது? எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பாய் சொன்னார்: "போட்டோ எடுக்க ஒரு ஆளக்கூட கூட்டிட்டு வரல, பாத்தீங்களா? இனிமே நம்ம வீட்டு ஓட்டு அவருக்குத்தான்."

கேட்காமல் போனது

அதே மனுஷன் மைக்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். திருவையாறு பக்கம் ஒரு கூட்டம். குறுவை நடவு மும்முரமாக நடக்கிற நேரத்தில், "சம்பா அறுவடையில் இருக்கும் உங்களுக்கு வாழ்த்துகள்" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? "நூறு நாள் வேலை வந்ததுலேருந்து நம்ம பொம்பளைங்க வயல்ல குனியறதே இல்ல" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனுஷன், ஊர் முழுக்க அசிங்கப்பட வேண்டாமே என்று சத்தத்தை மெதுவாக இறக்கினேன். பின்வரிசைக்கும் ரோட்டுக்கும் ஒன்றும் போகவில்லை. அவர் பேச்சை மாற்றியதும் மறுபடி ஏற்றினேன். அப்புறம் இதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. பாய்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அன்று கூட்டம் கலைந்தபோது பின்வரிசையிலிருந்து வந்த ஒரு பெண்மணி மட்டும் என்னிடம் நின்று கேட்டார்: "நல்லதெல்லாம் சத்தமா கேட்டுச்சுண்ணே. நடுவுல எங்களப் பத்தி என்னமோ சொன்னாரே, அது மட்டும் ஏன் கேக்கல?"

முளை விட்ட நெல்

இந்தக் குறுவைக்கு என் மனைவி செல்வி குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்திருந்தாள். அறுத்து, நன்றாகக் காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் கொட்டினோம். எங்கள் முறை வருவதற்குள் அங்கே மூட்டை பிடிக்கிற சாக்கு தீர்ந்துவிட்டது. சாக்கு வருவதற்குள் மழை வந்துவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் குவியல் முளை விட்டது. முளைத்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள். அவள் அழக்கூட இல்லை, குவியலை விட்டு நகரவும் இல்லை.

எம்.எல்.ஏ. பார்வையிட வந்தார். மைக் நாங்கள்தான். தூறலில் நனைந்து வயர் இழுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தலையத் துவட்டுங்கண்ணே, சளி பிடிச்சுக்கும்." துவட்டினேன். அப்புறம் அவர் மைக் முன்னால் போய், "அவசரப்பட்டு அறுத்து, ஈர நெல்லக் கொண்டாந்து கொட்டிட்டு அரசாங்கத்தக் குத்தம் சொன்னா எப்படி?" என்றார்.

என் கை தானாக வால்யூமுக்குப் போனது. குவியல் பக்கத்தில் நின்ற செல்வி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டேன். மெயின்ரோட்டில் போன பஸ்ஸே நின்றது. களத்திலிருந்த அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "சாக்கு எங்க?" என்று கேட்டார்கள்.

வேர்த்து விறுவிறுத்துக் காருக்குப் போனவர், பாதியில் திரும்பி என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார்: "இன்னைக்கு மைக் ரொம்ப அருமைண்ணே. கடைசி ஆள் வரைக்கும் கேட்டிருக்கும்."

அவர் கொஞ்சம் முரட்டு ஆளாக இருந்து தொலைத்திருந்தால், வருகிற தேர்தலில் ஓட்டுப் போடுகிற வேலை எனக்கு எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்!