தப்பு சொன்ன ஊருக்கு ஒரு விண்ணப்பம்

கும்பகோணத்தில் ஐந்து வருஷம் ஓவியம் படித்து முடித்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். காரைக்காலுக்குத் தெற்கே நெல் விளைவிக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் பெயின்ட் டப்பா வாங்கிய முதல் பெண் நான்தான். கையில் வித்தை இருக்கிறது என்று வாத்தியார்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன். மேற்படிப்பு படிப்பேனா என்ற சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை. எங்கே என்பதுதான் கேள்வி.

மெட்ராஸ், ஐதராபாத், பரோடா என்று மூன்று ஊர்களைக் குறித்துக்கொண்டேன். மூன்று இடத்துக்கும் ஒரே கடிதம் எழுதினேன். என்னுடைய சிறந்த படத்தை ஸ்டுடியோக்காரரை வைத்துப் போட்டோ எடுத்து அதோடு இணைத்தேன். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் படகு தள்ளும் படம் அது. இதில் என்ன குறை என்று தயவுசெய்து சொல்லவும் என்று பணிவாகக் கேட்டிருந்தேன். பணிவெல்லாம் வேஷம். மூவரும் பாராட்டுவார்கள், அதிகம் பாராட்டுகிற இடத்துக்குப் போகலாம் என்பது என் கணக்கு.

மற்ற இரண்டு ஊர்களிலிருந்து விண்ணப்பப் பாரமும் பாடத்திட்டமும் மட்டும் வந்தன. பரோடாவிலிருந்து அவற்றோடு ஒரு கார்டும் வந்தது. அங்கே ஓவியம் கற்பிக்கும் ஒருவர் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். படகு சரி, ஆட்களின் முதுகும் சரி. கடல்தான் அசையவில்லை, அது வயலில் தேக்கிய தண்ணீர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கடலைச் சொல்லித்தருகிறாரா? சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் படகு வரையும்போதெல்லாம் பேச்சுக்கொடுப்பவர்.

"என்ன பாப்பா, இன்னிக்கி நோட்டு எடுத்தாரலியா?"

"இல்லக்கா, தண்ணியப் பாக்க வந்தேன்."

"அப்ப இவ்வளவு நாளா எதைப் பாத்துகிட்டு இருந்த?"

தண்ணீரைப் பார்த்து மணலில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் வயல்காரர்கள் நாங்கள் மாசி மகத்துக்கு சாமியோடு கடலுக்குப் போவோம், ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போடுவோம், திரும்பிவிடுவோம். தண்ணீர் என்றால் எங்களுக்கு மடை திறந்து வருவது, வரப்புக்குள் நிற்பது. நான் படகுகளை அவர்கள் கரையில் பார்த்து வரைந்தேன், கடலை எங்கள் வயலைப் பார்த்து வரைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் அடங்கியதும் எந்த ஊர் என்று முடிவாகிவிட்டது.

அப்பா மெட்ராஸ் பாரத்தை அதற்குள் பாதி நிரப்பி வைத்திருந்தார். அங்கே சித்தப்பா வீடு இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம்.

"மூணுக்கும் போடு. ஒண்ணுக்கு மட்டும் போட்டு அது கெடைக்கலன்னா ஒரு வருஷம் போச்சே?"

"நல்லா இருக்குன்னு சொல்ல இங்கயே ஆளு இருக்குப்பா. அதுக்கு எதுக்கு வெளியூர் போவணும்?"

"தப்பு சொல்ல ஆளு தேடி ரெண்டு நாள் ரயில்ல போற பொண்ண இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார். பரோடாவுக்கு மட்டும் அனுப்பினேன்.

இடம் கிடைக்கவில்லை. நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள், இரண்டு ஜாதகங்களும் வந்தன. அப்பா அவற்றைத் திருப்பி அனுப்பினார், ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்த வருஷம் முழுக்க விடிந்ததும் கரைக்குப் போய்த் தண்ணீரை மட்டும் வரைந்தேன். முதல் நான்கு மாதம் குப்பை. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்தது.

மறுவருஷம் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்ப்பா."

மெட்ராஸ் பேச்சை எடுப்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உறையை வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப ரிஜிஸ்டர் தபால்ல போட்டுட்டு வாரேன். இருக்குறது ஒண்ணு, அது வழியில தொலைஞ்சிடக் கூடாதுல்ல."