கத்தரிக்காய் என்ன குற்றம் செய்தது?

போன மாதம் குமாரபாளையத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்ணெய்க் கத்தரிக்காய், அவரைக்காய்ப் பொரியல், கோழி வறுவல்... இலை தெரியாத அளவுக்குப் பரிமாறினார் அண்ணி. எங்கள் பக்கம் அண்ணியை 'நங்கையா' என்போம். அந்த நங்கையாவின் தட்டில் மட்டும் வெறும் ரசஞ்சோறு.

விரதமோ? விரத நாளில் யாராவது கோழி வறுப்பார்களா? என்ன ஏது என்று கேட்டேன். "வவுறு சரியில்லீங் அம்மிணி" என்று மழுப்பினார். நான் விடுகிற ஆளா? பாத்திரம் விளக்கப் போனபோது பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

"மாருல ஒரு கட்டிங்க. மூணு மாசமாச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வலியும் இருக்கிறதாம். மாதவிலக்கு நெருங்கினால் கூடுமாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது. டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லை.

"பெரியவளுக்குத் தையில கல்யாணம் வெச்சிருக்குதுங்க. இது புத்துநோயா இருந்துட்டா மாப்பிள்ளை ஊட்டுல என்ன நெனப்பாங்க? அது முடியட்டும்னு இருக்கறேன்."

அதுவரை என்ன வைத்தியம்? பத்தியம்தான். அண்ணனின் தறிப்பட்டறைக்கு நூல் சுற்ற வருகிற பழனியம்மா சொன்னதாம். கத்தரிக்காய் ஆகாது. கருவாடு ஆகாது. கோழி, அவரை, நிலக்கடலை — ஊஹும். வாய்க்கு ருசியான ஒரு பண்டம்கூட அந்தப் பட்டியலில் இருந்து தப்பவில்லை.

மறுநாள் காலையில், "கல்யாணத்துக்கு இளம்பிள்ளையில சேலை பாத்துட்டு வாரோம்" என்று அண்ணனிடம் ஒரு புளுகு. நேராகச் சேலம் பஸ். வழியெல்லாம் நங்கையா என் கையை விடவே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நானும் விடவில்லை.

லேடி டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஊசியைச் செலுத்தி உறிஞ்சினார். வெளிர் மஞ்சளாக நீர் ஏறியது. ஏற ஏற, கட்டி இருந்த இடமே தெரியவில்லை!

"வெறும் நீர்க்கட்டிம்மா. இந்த வயசுல நெறையப் பேருக்கு வரும். புத்து இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு ஒருதரம் வந்து காட்டிட்டுப் போங்க."

நங்கையா அழுதார். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி — "கத்தரிக்கா திங்கலாங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமாச் சாப்பிடுங்க. அதுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்ல. சரி, காப்பி எத்தனை குடிப்பீங்க?"

"ரெண்டுங்க."

ரெண்டா? நங்கையாவைப் பொறுத்தவரை காப்பி என்றால் தனக்கென்று போட்டுக்கொள்வது மட்டும்தான். பட்டறை ஆட்களுக்குப் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் போசி நிறையப் போட்டு, மீந்ததைக் கொட்ட மனசில்லாமல் குடிக்கிறாரே, அது? வந்தவர்களுக்குத் துணையாகக் குடிப்பது? பத்தியம் தொடங்கியதில் இருந்து பசிக்கும் காப்பிதான். நான் குறுக்கே புகுந்து விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

"காப்பியால கட்டி வரும்னு நான் சொல்ல மாட்டேன். கொறச்சா வலி கொறையுதுன்னு சில பேர் சொல்றாங்க. எல்லாருக்கும் அப்படி இல்ல. கொறச்சுத்தான் பாருங்களேன்" என்றார் டாக்டர்.

எப்படி இருக்கிறது கதை? தள்ளி வைத்ததெல்லாம் நிரபராதி. கொஞ்சமாவது சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆசாமிக்கு டம்ளர் டம்ளராக உபசாரம்! பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டால் அதுவே மருந்து என்று நம் மனசுக்குத் தோன்றிவிடுகிறது... ஏன்தானோ?

ஊர் திரும்பினால் வாசலில் அண்ணன். எங்கள் வெறுங்கையையும் நங்கையாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சேலையே எடுக்காம இத்தனை சந்தோசமா வாற பொம்பளைங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். நங்கையா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அண்ணன் பட்டறைக்குள் போய்த் தறிகளை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பறம் நான் எதுக்கு இருக்கறேன்?" என்று ஒரே ஒரு கேள்வி. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் சமையலில் கத்தரிக்காய். அடுப்படி வாசலில் பழனியம்மா வந்து நின்றாள். "எல்லாந் திங்கலாம்னாங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பத்தியமெல்லாம் இவளுக்கு எப்படி இத்தனை மனப்பாடம்?

அவளுக்கும் கட்டியாம். இரண்டு வருஷமாக.

மறுபடியும் சேலம். அவளுடையது நீர்க்கட்டி இல்லை. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போன வாரம் மூன்று பேருமாகப் போய் ரிசல்ட்டை வாங்கினோம். சாதாரணக் கட்டிதான், பயமே வேண்டாம், வேண்டுமென்றால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே சங்ககிரி வரைக்கும் சிரித்தோம். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஏம் பழனியம்மா, ரெண்டு வருசமா ஊட்டுல ஒருத்தருகிட்டயும் சொல்லாமயா இருந்த?" என்று கேட்டார் நங்கையா.

பழனியம்மா உள்ளங்கையில் இருந்த கடலைத் தோலை ஊதினாள்.

"கத்தரிக்கா, கோழியெல்லாம் எனக்கு வேண்டாம்னேன். சரின்னுட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்கலீங்களே."

உங்கள் வீட்டில் கேட்டாயிற்றா?