ஜெசிந்தாவுக்கு நான் சொல்லாத பதில்

அம்மா மண்டபம் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜெசிந்தா போய்விட்டாள். "வசந்தி, நீதானே அவளுக்கு க்ளோஸ். நீயே நாலு வரி எழுதேன்" என்று கேட்டிருந்தீர்கள். மறுக்கவும் அலுப்பாக இருந்தது. எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பின் முதல் நாள், சிஸ்டர் என் பெயரைக் கேட்டார். எனக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவள் என் நோட்டு அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "அவ பேரு வசந்தி, சிஸ்டர்." அன்றிலிருந்து, ஸ்ரீரங்கம் பஸ் வரும்வரை தினமும் என்னோடு நிற்பாள். அவள் வீடு பாலக்கரையில், பள்ளியிலிருந்து நடக்கும் தூரம். அவள் நிற்கத் தேவையே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் த்ரோபால் கேப்டன் ஆனாள். நீங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்ற வருடம். ஒரு மதிய இடைவேளையில் யாரோ கேட்க, என்னைப் போலப் பேசிக் காட்டினாள். கண் இறுகுவது, தாடை நடுங்குவது, எதுவும் தப்பவில்லை. அத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவளாயிற்றே. நீங்கள் சிரித்தீர்கள். பிறகு அது தினமும் நடந்தது. பள்ளி முடியும்வரை நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவளோடும் பேசவில்லை.

போன மழைக்காலத்தில், கீமோ முடிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. காபியைத் தொடாமல் சொன்னாள்:

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதாண்டி பண்ணேன். மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். அவங்க சிரிச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

பரவாயில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். எனக்குத் திக்குகிறது என்று நினைத்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

"திக்கலடி" என்றேன்.

ஜன்னலிலிருந்து திரும்பி, "புரியுது" என்றாள். ஆறிப்போன காபியைக் குடித்தாள்.

இந்த வயதில் ஒருவரை வெறுத்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை. மன்னிப்பதற்கும் தனியாக ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

ஆட்டோவில் ஏறும்போது, "மறுபடி வரவா?" என்று கேட்டாள். "வா" என்றேன். அதன்பிறகு அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நானும் போகவில்லை.

குழுவில் நீங்கள் புகழ்ந்து எழுதும் கேப்டனும் பொய் இல்லை. நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். கேட்டு வந்தது கிடைக்காத வீட்டு வாசலில் நின்று, மறுபடி வரவா என்று கேட்டாளே, அதை.