வள்ளிநாயகி முழக்கிய கெட்டிமேளம்

அக்கா கல்யாணமாகாமல் இருக்கத் தங்கைக்குத் தாலி ஏறினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "பெரியவ கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டா, சின்னவளாச்சும் மனுசனக் கட்டட்டும்லா" என்று பைப்படியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் அப்போது, தொண்ணூற்றெட்டில், கணக்கெழுதும் கிராணி வீட்டில்கூடக் கம்ப்யூட்டர் கிடையாது. நீலாய் ஃபேக்டரிக்கு பஸ் ஏறிப்போய்ச் சம்பாதித்த காசில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள் மூத்தவள் வள்ளிநாயகி. என்னைக் கேட்டால், அந்தச் சிரிப்பில் பாதி வயிற்றெரிச்சல்.

தங்கை கலையரசியின் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சிரம்பானிலிருந்து போன் வந்தது. நாயனக்காரர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மேளம் வராது. ஐப்பசி முகூர்த்த நாள் வேறு. எந்த செட்டும் காலியில்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்காவிட்டால் எவனாவது தும்முவது சபை முழுக்கக் கேட்டுத் தொலைக்குமே! அம்மா மங்கம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மைக் செட் கணேசமூர்த்தியிடம் இருந்த ஒரே மேளக் கேசட்டும் அன்றைக்கென்று பார்த்து நாடாவைக் கக்கியது. மாப்பிள்ளையின் அப்பா வீரமுத்துவோ ஒன்றுமில்லாததற்கே முகம் சுளிக்கிறவர்.

"போன திருவிழாவுல பதிஞ்ச கெட்டிமேளம் என் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. நான் போடுறேன்," என்றாள் வள்ளிநாயகி.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கம்ப்யூட்டர் மூன்று வாரமாக ஊமை. அடிக்கடி நின்று போகிறது என்று விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு, தடிப் புத்தகம் ஒன்றோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தை ஏற்றியிருந்தாள். பதிந்து வைத்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. சத்தம்தான் இல்லை.

அன்று சாயங்காலம் வரை அதன் முன்னால்தான் இருந்தாள். சவுண்ட் கார்டோடு பேச டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டுமாம். அதை ஏற்றச் சொன்னால், இடம் காலியில்லை என்கிற மாதிரி ஒரு வரி வந்து நின்றது. கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிட ஓர் எண் உண்டு. அதை ஏழு என்று கொடுத்திருந்தாள். ஏழைப் பிரிண்டர் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பெட்டியைக் கழற்றிக் கார்டைப் பார்த்தாள். அதிலிருந்த குட்டி கிளிப் ஐந்தில் மாட்டியிருந்தது. ஐந்து என்று மாற்றிக் கொடுத்ததும் டிரைவர் மறுபேச்சில்லாமல் ஏறியது.

சத்தம் வரவில்லை. ஒலி அளவு பூஜ்யத்தில் இருந்தது, ஏற்றினாள். அப்போதும் வரவில்லை.

"அந்தச் சனியன நம்பி என் மானத்த வாங்காதடி," என்றாள் மங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரியாக ஒத்தாசைக்கு வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கே சுருக்கென்றது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைக் கோயில் மண்டபத்துக்கே தூக்கி வந்துவிட்டாள். மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தாயிற்று.

"டிரைவர் ஏறிடுச்சுண்ணே. மேளம் ஓடுது, முடியுது, ஒரு தப்பும் காட்டல. வெளிய வர்ற வழியிலதான் எங்கயோ அடைப்பு," என்றாள் கணேசமூர்த்தியிடம்.

அவன் மைக் செட் ஒயரைப் பின்பக்கம் செருகிப் பார்த்தான். "முழுசா உள்ள போவ மாட்டேங்குதே, வள்ளி."

குனிந்து பார்த்தாள். ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. சந்தனம்! லினக்ஸ் ஏற்றிய அதே வாரம்தான் ஆயுத பூஜை. ரப்பர் பால் வெட்டும் கத்தி, மோட்டார் சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மங்கம்மா, கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் அப்பியிருக்கிறாள். வீட்டு ஸ்பீக்கர் ஒயரும் இத்தனை நாளும் அரைகுறையாகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. மூன்று வாரமாக லினக்ஸ் வாங்கிய திட்டில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது.

"அம்மா, காதுல சந்தனத்த அடைச்சு வச்சிருக்கியே!"

"எல்லாத்துக்கும் வைக்கிறதுதானேடி!"

சேலை மடிப்பிலிருந்த ஊக்கைப் பிடுங்கிச் சுரண்டினாள் வள்ளிநாயகி. பட்டுச்சேலை நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. சந்தனம் தூள் தூளாகக் கொட்டியது. ஒயர் டக்கென்று உட்கார்ந்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லை; ஐயர் கையை உயர்த்திவிட்டார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

வள்ளிநாயகி கீபோர்டைத் தட்டினாள். கொம்பு ஸ்பீக்கர் இரண்டும் அதிர, நாயனமும் தவிலும் மண்டபத்தையே தூக்கின. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டு முடிக்கும் வரை மேளம் ஓயவில்லை. பைப்படிக்காரிகள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே வாயைப் பிளந்து நின்றார்கள்.

வீரமுத்து, வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டோடு வந்தார். "மேளக்காரருக்கு மரியாத செய்யணும். எங்க அவரு?"

கணேசமூர்த்தி மெல்ல வள்ளிநாயகி பக்கம் கையைக் காட்டினான். வீரமுத்து கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆமா சம்பந்தி, மேளம் வாசிச்சது என் மூத்த மக!" என்றாள் மங்கம்மா. மைக்கே தேவைப்படவில்லை.

வீரமுத்து தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். வள்ளிநாயகி வாங்கிக்கொண்டாள். துண்டை எடுத்துப் பட்டுச்சேலையின் மேல் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பந்திக்குப் போய், மேளக்காரருக்கென்று போட்டிருந்த இலையில் உட்கார்ந்தாள்.